நெட்வொர்க் எந்த மேசையில் நிற்கிறது? கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

நெட்வொர்க் கட்டும் நிறுவனங்களில் அனுமதிப் பிரிவு என்று ஒன்று இருக்கும். வரைபடம் போடுபவர்களுக்கும் குழி தோண்டுபவர்களுக்கும் நடுவே கோப்போடு அலைகிற கூட்டம். அந்தக் கூட்டத்தில் பல வருடம் இருந்தவள் நான். அதனால் தெரிந்தவர்கள் எல்லோரும் என்னைக் கண்டால் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எங்க பக்கம் ஏன் இன்னும் வரல?"

கேட்கும்போதே பதிலையும் கையில் வைத்திருப்பார்கள். கம்பெனிக்கு லாபம் இல்லை என்பார்கள், இல்லாவிட்டால் அரசாங்கம் தடுக்கிறது என்பார்கள். முதலாவது பல சமயம் உண்மை. இரண்டாவதைக் கேட்டால்தான் எனக்கு எரிச்சல் வரும். அரசாங்கம் என்று ஒரே மேசை எங்கேயும் கிடையாது. அலைக்கற்றையைத் தருவது ஓர் அலுவலகம், சாலையைத் தோண்ட விடுவது இன்னோர் அலுவலகம். கம்பத்தில் கேபிள் கட்ட விடுவது வேறு யாரோ, கதிர்வீச்சை அளப்பது வேறு யாரோ, மானியம் கொடுப்பது அதற்கும் மேலே யாரோ. ஒவ்வொரு மேசைக்கும் தனி விதி, தனிக் கெடு. வேலை எந்த மேசையில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் யாரிடம் போய்க் கேட்பது என்பதே தெரியும். அதைக் கண்டுபிடிக்கச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. தேவையான தாள்கள் பெரும்பாலும் பொதுவில்தான் கிடக்கின்றன.

அலைவரிசையில் தொடங்குங்கள்

வயர்லெஸ் என்றால் முதலில் எந்த அலைவரிசை என்று கேளுங்கள். வெறுமனே 5ஜி என்று பேசினால் எதுவும் பிடிபடாது. 700 மெகாஹெர்ட்ஸ் அலை தொலைதூரம் போகும், சுவரைத் தாண்டி உள்ளேயும் வரும். ஆனால் அங்கே கிடைக்கும் இடம் குறைவு என்பதால் வேகம் ஓரளவுதான். 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இடம் தாராளம், தூரம் குறைவு. 26 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால் தெருமுனை தாண்டுவதே பாடு. ஒரு நாடு எந்த அலைவரிசையை முதலில் ஏலத்துக்குக் கொண்டுவந்தது என்று பார்த்தாலே, கிராமத்துக்கு முதலில் வருமா நகரத்துக்கு முதலில் வருமா என்பதைப் பாதி ஊகித்துவிடலாம்.

அடுத்து, அந்த நாட்டின் அலைவரிசை ஒதுக்கீட்டு அட்டவணையைத் திறவுங்கள். அநேகமாக எல்லா நாடுகளும் இதை வெளியிடுகின்றன. மூலம் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிமுறைகள். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை உலக மாநாடு கூடி அதைத் திருத்தும். 2023இல் துபாயில் கூடியது. ஆங்கில அட்டவணையில் சில சேவைகள் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும், சில சாதாரண எழுத்தில் இருக்கும். பெரிய எழுத்தில் இருப்பது முதன்மைச் சேவை. சாதாரண எழுத்தில் இருப்பது இரண்டாம் நிலை; அது முதன்மைச் சேவைக்கு இடைஞ்சல் தரக்கூடாது, முதன்மைச் சேவையால் தனக்கு இடைஞ்சல் வந்தால் புகார் சொல்லவும் முடியாது. அப்புறம் அடிக்குறிப்புகள். எல்லோரும் தாண்டிப் போவது அதைத்தான், சங்கதி இருப்பதும் அங்கேதான். இன்ன நாட்டில் இன்ன ராணுவ ரேடாருக்கு இடைஞ்சல் வராதபடி மட்டும் என்கிற மாதிரி நிபந்தனைகள் எல்லாம் அடிக்குறிப்பில்தான் ஒளிந்திருக்கும்.

பக்கத்து வரிசைகளையும் படியுங்கள். ஏன் என்பதற்கு அமெரிக்காவில் நடந்தது நல்ல உதாரணம். 3.7 முதல் 3.98 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை, அந்த நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி ஏலம் விட்டது. 2021 தொடக்கத்தில் முடிந்த அந்த ஏலத்தில் 8,000 கோடி டாலருக்கு மேல் வந்தது. ஏடி அண்ட் டி, வெரைசன் என்ற செல்பேசி நிறுவனங்கள் இரண்டும் அந்த ஆண்டு டிசம்பர் 5இல் சேவையைத் தொடங்குவதாக இருந்தன. விமானம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் கருவி 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. நடுவில் 220 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி இருந்தும், பழைய கருவிகள் குழம்பலாம் என்று விமானப் போக்குவரத்து நிர்வாகம் எச்சரித்தது. தேதி ஜனவரி 5க்குத் தள்ளிப் போனது, பிறகு 19க்குப் போனது. அன்றும் விமான நிலையங்களைச் சுற்றியுள்ள டவர்களை நிறுத்தி வைத்துக்கொண்டுதான் தொடங்கினார்கள். உரிமம் கையில் இருந்தது, பணமும் கட்டியாகிவிட்டது. ஆனால் கோப்பு பக்கத்து அலுவலகத்தின் மேசையில் இருந்தது.

ஏலத் தாளில் எதைப் பார்ப்பது

ஏலம் முடிந்ததும் பத்திரிகைகள் மொத்தத் தொகையைத்தான் கொட்டை எழுத்தில் போடும். 2000இல் 3ஜி ஏலத்தில் பிரிட்டனுக்கு 2,250 கோடி பவுண்டு அளவில் கிடைத்தது. ஜெர்மனிக்கு 5,000 கோடி யூரோவுக்கு மேல். இதற்கு நேர் எதிராக நியூசிலாந்து 1990 வாக்கில் ஒரு ஏலம் நடத்தியது. வென்றவர் தன் தொகையைக் கட்ட வேண்டாம், இரண்டாவதாக வந்தவர் கேட்ட தொகையைக் கட்டினால் போதும் என்பது விதி. அடிப்படை விலையும் வைக்கவில்லை. 1,00,000 நியூசிலாந்து டாலருக்குக் கேட்ட ஒருவர் கட்டியது வெறும் 6 டாலர்.

இந்த மொத்தத் தொகைகளை நான் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. நான் முதலில் தேடுவது அடிப்படை விலையை. இந்தியாவின் 700 மெகாஹெர்ட்ஸ் கதையைப் பாருங்கள். 2016 ஏலத்தில் நாடு முழுவதற்குமாக ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய் என்று அடிப்படை விலை வைத்தார்கள். ஒருவரும் கை தூக்கவில்லை. 2021இல் 6,568 கோடிக்கு இறக்கினார்கள், அப்போதும் போகவில்லை. 2022இல் 3,927 கோடி ஆனதும் ஒரே ஒரு நிறுவனம் வாங்கியது. தொலைதூரம் பாயும் நல்ல அலைவரிசை அதுவரை சும்மா கிடந்தது. விற்காத அலைக்கற்றையால் கஜானாவுக்கும் காசு கிடையாது, ஃபோனுக்கும் சிக்னல் கிடையாது.

அதே தாளில் உரிமம் எப்போது முடிகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிய மூன்று நான்கு வருடமே இருக்கிறது, புதுப்பிப்பார்களா என்பதும் தெரியவில்லை என்றால் எந்த நிறுவனமும் புது டவருக்குப் பணம் ஒதுக்கத் தயங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் கொண்டுவந்த மின்னணுத் தொடர்புச் சட்டத்தொகுப்பு, உரிமதாரர்களுக்குக் குறைந்தது 20 வருடத்துக்கு நிச்சயம் இருக்க வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

சதவீதம் எதன் சதவீதம்?

உரிமத்தோடு சேர்ந்து சேவைப் பரப்புக் கடமையும் வரும். இன்ன தேதிக்குள் இத்தனை சதவீதம் எட்ட வேண்டும் என்று. அந்தச் சதவீதம் மக்கள்தொகையிலா, நிலப்பரப்பிலா என்று முதலில் பாருங்கள். 80 சதவீத மக்கள் 20 சதவீத நிலத்தில் நெருக்கமாக வாழும் ஒரு பகுதியை நினைத்துக்கொள்ளுங்கள். 80 சதவீத மக்களுக்குச் சேவை என்ற கடமையை அங்கே ஐந்தில் ஒரு பங்கு நிலத்தில் டவர் போட்டே நிறைவேற்றிவிடலாம். மிச்ச நிலத்தில் ஒரு கம்பிகூட நடாமல் கடமை தீர்ந்துவிட்டது என்று அறிக்கை அனுப்பலாம், அது பொய்யும் ஆகாது.

வெளியிலா வீட்டுக்குள்ளா என்பதும் முக்கியம். 2013 ஏலத்தில் பிரிட்டனின் ஓ2 நிறுவனம் எடுத்த 800 மெகாஹெர்ட்ஸ் உரிமத்தில், 98 சதவீத மக்களுக்கு வீட்டுக்குள் 4ஜி கிடைக்க வேண்டும், 2017 முடிவுக்குள் என்று எழுதியிருந்தார்கள். வீட்டுக்குள் என்ற ஒரு சொல்லுக்காக எத்தனையோ கூடுதல் டவர் நட வேண்டியிருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக எட்ட வேண்டுமா, எல்லோரும் சேர்ந்தா என்றும் பார்க்கவேண்டும். அதே நாட்டில் 2020இல் போட்ட கிராமப்புறப் பகிர்வு ஒப்பந்தத்தில் இரண்டும் உண்டு: ஒவ்வொருவரும் நிலப்பரப்பில் 88 சதவீதம், எல்லோருமாகச் சேர்ந்து 95 சதவீதம். நீங்கள் வைத்திருக்கும் சிம் எந்த எண்ணுக்குள் வருகிறது என்பது உங்கள் பாடு.

எனக்குப் பிடித்த கடமை விதி ஜெர்மனி 2010இல் எழுதியது. 800 மெகாஹெர்ட்ஸ் எடுத்தவர்கள் முதலில் 5,000 பேருக்குக் குறைவாக இருக்கும் ஊர்களுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு மாநிலத்திலும் அதில் 90 சதவீதம் எட்டிய பிறகுதான் அடுத்த அளவு ஊர்கள், அப்புறம் அதற்கும் பெரியவை, கடைசியில்தான் 50,000 பேருக்கு மேலுள்ள நகரங்கள். நகரம் வேண்டுமா, கிராமத்தை முடித்துவிட்டு வா. அபராதம் போட்டு மிரட்டுவதைவிட இது நன்றாக வேலை செய்யும். அபராதத்தை நிறுவனங்கள் செலவுக் கணக்கில் எழுதிவிட்டுப் போய்விடும். நகரத்து வாடிக்கையாளர்களை அப்படி விட்டுக்கொடுக்க முடியாது.

யார் அளக்கிறார்கள் என்பதையும் விடாதீர்கள். நிறுவனத்தின் கணினிக் கணிப்பா, வண்டியில் கருவி வைத்து ஓட்டிப் பார்த்த அளவா? விதியில் அது இல்லையென்றால் எழுதியிருக்கும் சதவீதத்துக்கு அதிகப் பொருள் கிடையாது.

சாலை, பாலம், கம்பம்

இனி என் சொந்தப் பேட்டை.

ஃபைபர் கோப்பு ஒன்றைத் திறந்தால் முதலில் வழித்தட வரைபடம் இருக்கும், மீட்டர் கணக்கில் குறித்தது. எந்த இடத்தில் திறந்த குழி, எந்த இடத்தில் சாலைக்கு அடியில் துளை போட்டு இழுப்பது, எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம், எல்லாம் அதில் வர வேண்டும். ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் தனித் தாள். ரயில் பாதையைக் கடந்தால் ரயில்வேயிடம், வாய்க்காலைக் கடந்தால் நீர்ப்பாசனத் துறையிடம், காட்டைத் தொட்டால் வனத்துறையிடம். தோண்டிய சாலையைச் சரிசெய்யக் கட்டணம், சரிசெய்யாமல் ஓடிவிட்டால் எடுத்துக்கொள்ள வங்கி உத்தரவாதம். இதில் பாவப்பட்டது சிறுபாலம்தான். மேலே போகும் சாலை ஒரு துறைக்குச் சொந்தம், கீழே ஓடும் தண்ணீர் இன்னொரு துறைக்குச் சொந்தம், நடுவிலுள்ள கான்கிரீட் யாருக்குச் சொந்தம் என்பதற்கு இருவரிடமும் பதில் இருக்காது. இருபுறமும் கேபிள் வந்து சுருட்டி வைத்தபடி காத்திருக்க, சில மீட்டர் பாலத்துக்காக ஒரு வழித்தடமே மாதக்கணக்கில் படுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் நாடுகள் கெடு விதிக்கின்றன. கெடு எத்தனை நாள் என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் அது எப்போது ஓடத் தொடங்குகிறது, எப்போது நிற்கிறது, முடிந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

ஓர் அலுவலகம் எங்களுக்குச் செய்ததைச் சொல்கிறேன். கெடு முடியும் தறுவாயில் கடிதம் வரும்: வரைபடத்தில் வடக்குத் திசை அம்புக்குறி இல்லை. அம்பை வரைந்து அனுப்புவோம், நாள் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மறுபடி தறுவாயில் இன்னொரு கடிதம்: ஒப்பம் நீல மையில் இல்லை. அங்கே யாரும் லஞ்சம் கேட்கவில்லை, கோபப்படவும் இல்லை. விதியே அவர்களை அப்படி விட்டிருந்தது. குறையை இத்தனை நாளுக்குள் சொல்லிவிட வேண்டும் என்ற ஒரு வரி அதில் இல்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் அந்த வரி இருக்கிறது. எஃப்சிசி 2009இல், ஏற்கெனவே இருக்கும் கட்டமைப்பில் ஆன்டெனா சேர்க்க 90 நாள், புதிதாகக் கட்ட 150 நாள் என்று கெடு வைத்தது. 2018இல் தெருக்கம்பத்தில் வைக்கும் சின்ன ஆன்டெனாக்களுக்கு அதை 60, 90 என்று குறைத்தது. சின்ன ஆன்டெனா விண்ணப்பத்தில் குறை இருந்தால் 10 நாளுக்குள் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். பெரிய டவர்களுக்கு 30 நாளுக்குள் சொல்லலாம், ஆனால் கணக்கு இடைநிற்கும், அழியாது. நிற்பதும் அழிவதும் ஒன்றல்ல. விதியைப் படிக்கும்போது இந்த வித்தியாசத்தை விட்டுவிடாதீர்கள்.

கெடு முடிந்தால்? அதே நாட்டில், அந்த 2018 கெடு கடந்தால் நீதிமன்றம் போக நிறுவனத்துக்கு வலுவான காரணம் கிடைக்கும், அனுமதி கிடைத்துவிடாது. ஆனால் 2012 சட்டத்தின் 6409ஆம் பிரிவின்படி, இருக்கும் டவரில் பெரிய மாற்றம் இல்லாமல் கருவி சேர்ப்பதற்கு 60 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கருதப்படும். இந்தியாவின் 2016 வழித்தட விதிகளும் 60 நாள் வைத்து, பதில் இல்லையென்றால் அனுமதி என்று கருதச் சொன்னன. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய கிகாபிட் கட்டமைப்புச் சட்டத்தில் கெடு 4 மாதம். சில விதிவிலக்குகளோடு அங்கேயும் மௌனம் சம்மதம்தான். பெரும்பாலான பிரிவுகள் 2025 நவம்பர் 12இல் அமலுக்கு வந்தன.

காகிதத்தில் இது அழகாக இருக்கும். களத்தில் குழி தோண்டும்போது ஒரு போலீஸ்காரர் வந்து அனுமதிக் கடிதம் எங்கே என்பார். கருதப்பட்ட அனுமதிக்கு முத்திரை கிடையாது. அதனால் கெடு முடிந்ததும் விண்ணப்ப ரசீது, தேதி தெரியும் ஆன்லைன் பக்கம், விதியின் அந்தப் பிரிவு மூன்றையும் சேர்த்து, "இந்தத் தேதியிலிருந்து அனுமதி பெற்றதாகக் கருதி வேலை தொடங்குகிறோம்" என்று அந்த அலுவலகத்துக்கே ஒரு கடிதம் கொடுத்து ஒப்புதல் முத்திரை வாங்கிக்கொள்ளச் சொல்வேன். அந்த முத்திரைதான் களத்தில் பேசும். நீங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இருந்து நிறுவனத்தை நெருக்குகிறீர்கள் என்றால், இதைச் செய்தீர்களா என்று கேளுங்கள். செய்திருக்க மாட்டார்கள்.

கம்பங்களின் கதை வேறு. ஒரு கம்பத்தில் மின்கம்பிக்குக் கீழே பழைய தொலைபேசிக் கேபிள், கேபிள் டிவி, இன்னொருவரின் ஃபைபர் என்று வரிசையாக இருக்கும். புதியவர் வந்தால் ஒவ்வொருவரும் தன் கேபிளைக் கொஞ்சம் மேலே கீழே நகர்த்தி இடம் விட வேண்டும். ஒருவர் வந்து நகர்த்திப் போனபிறகு அடுத்தவருக்குக் கடிதம், அப்புறம் அதற்கு அடுத்தவருக்கு. வரவேண்டியவர் போட்டியாளர். அவருக்கு என்ன அவசரம்? அமெரிக்காவின் நாஷ்வில் நகரம் 2016இல், ஒரே குழு ஒரே தடவையில் எல்லாக் கேபிளையும் நகர்த்தலாம் என்று உள்ளூர்ச் சட்டம் போட்டது. கம்பங்களில் ஏற்கெனவே கேபிள் வைத்திருந்த ஏடி அண்ட் டி, காம்காஸ்ட் இரண்டும் வழக்குப் போட்டன. 2017இல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை நிறுத்தியது. யோசனை தவறு என்பதால் அல்ல, நகரத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்பதால். மறு வருடமே எஃப்சிசி அதே யோசனையைத் தன் விதியாகப் போட்டது. சரியான விதி தவறான மேசையில் எழுதப்பட்டால் இப்படித்தான் ஆகும்.

தரைக்கு அடியில் குழாய் ஏற்கெனவே இருந்தால் பாதிப் பிரச்சினை இல்லை. ஸ்பெயினில் 2009 முதல், பழைய தொலைபேசி நிறுவனத்தின் குழாய்களைப் போட்டியாளர்கள் வாடகைக்கு எடுத்துத் தங்கள் ஃபைபரை இழுக்க முடிகிறது. வீடுவரை ஃபைபர் போன நாடுகளின் வரிசையில் அது ஐரோப்பாவில் முன்னால் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உங்கள் நாட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் குழாய், கம்பம் பகிர்வு விதி உண்டா என்று தேடுங்கள். இருந்தால் அதன் விலைப்பட்டியலும் இருக்கிறதா என்று பாருங்கள். விலை எழுதாத பகிர்வு விதியால் பேச்சுவார்த்தை நீளுமே தவிரக் கேபிள் நகராது.

கூரைமேல் ஒரு கணக்கு

நகரங்களில் டவர் என்றால் பெரும்பாலும் மாடிக் கூரை. இங்கே குறுக்கே வருவது மின்காந்தக் கதிர்வீச்சு வரம்பு. பல நாடுகள் ஐசிஎன்ஐஆர்பி என்ற சர்வதேசக் குழுவின் வரம்பைப் பின்பற்றுகின்றன. உடல் சூடாவதால் பாதிப்பு தொடங்கும் அளவை எடுத்து, பொதுமக்களுக்காக அதை 50இல் ஒரு பங்காகக் குறைத்து வைத்த வரம்பு அது. சில நாடுகள் அதற்கும் கீழே போயின. இந்தியா 2012இல் அதைப் பத்தில் ஒன்றாக்கியது. இத்தாலியில் வீடுகள் இருக்கும் இடத்தில் மின்புலம் மீட்டருக்கு 6 வோல்ட் என்பது நெடுங்காலம் இருந்து, 2024இல்தான் 15 ஆனது.

இதைப் படிக்கும்போது ஒரு கணக்கைக் கவனியுங்கள். வோல்ட் கணக்கில் குறைப்பதும் திறன் கணக்கில் குறைப்பதும் வேறு வேறு. சர்வதேச வரம்பு 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே மீட்டருக்கு 61 வோல்ட். 6 வோல்ட் என்றால் பத்தில் ஒன்று மாதிரித் தெரியும், ஆனால் திறனில் அது ஏறத்தாழ நூறில் ஒன்று. திறனே பத்தில் ஒன்றானால், ஆன்டெனாவுக்கு முன்னால் ஆள் நிற்கக் கூடாத தூரம் பத்தின் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது மூன்று மடங்குக்குச் சற்று மேலே கூடும். 5 மீட்டர் விலக வேண்டிய இடத்தில் இப்போது 16 மீட்டர். ஒரு கூரையிலிருந்து நேர் எதிரே 16 மீட்டரில் என்ன இருக்கும்? எதிர்வீட்டுப் பால்கனி. அந்தக் கூரை கணக்கிலிருந்து போய்விடும்.

ஒரே கூரையில் எல்லா நிறுவனங்களின் ஆன்டெனாவும் சேர்ந்து வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பதால், 4ஜியே இடத்தை நிரப்பியிருந்தால் 5ஜிக்கு மிச்சம் இருக்காது. வரம்பு எவ்வளவு கடுமையாக இருக்கலாம் என்பது நியாயமான விவாதம், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் வரம்பைக் குறைத்தால் டவர் குறையும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அதே சேவைக்குக் குறைந்த திறனில் அதிக ஆன்டெனாக்கள் வேண்டும். எண்ணிக்கை கூடும்.

உங்கள் பக்கத்து டவரின் விவரத்தைப் பார்க்கச் சில நாடுகளில் பொது வரைபடம் உண்டு. பிரான்ஸில் கார்ட்டோரேடியோ, இந்தியாவில் தரங் சஞ்சார். அதில் அந்த டவர் இருக்கிறதா, எந்தத் தொழில்நுட்பம் ஓடுகிறது என்று பார்த்தாலே பாதிக் கேள்வி தீரும்.

வரைபடம் உங்களுக்குச் சேவை இருப்பதாகச் சொன்னால்

மானியம் வருவதும் வராததும் பிராட்பேண்ட் வரைபடத்தைப் பொறுத்தது. அமெரிக்காவில் பல வருடம், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த ஒரு தொகுதியில் ஒரே ஒரு வீட்டுக்குச் சேவை கொடுக்க முடிந்தாலும் அந்தத் தொகுதி முழுவதும் சேவை பெற்றதாகக் குறித்தார்கள். நகரத்தில் தொகுதி சிறியது, பாதகமில்லை. கிராமத்தில் அது மைல்கணக்கில் நீளும். 2020இல் சட்டம் மாறி, 2022 நவம்பரில் வீட்டுக்கு வீடு காட்டும் புது வரைபடம் வந்தது, தவறென்றால் முறையிடும் வழியோடு.

பிராட்பேண்ட் என்பதன் வரையறை மாறினாலும் படம் மாறும். அங்கே பிராட்பேண்ட் என்றால் 2015 முதல் வினாடிக்கு இறக்கம் (டவுன்லோடு) 25, ஏற்றம் (அப்லோடு) 3 மெகாபிட். 2024 மார்ச்சில் அது 100, 20 ஆனது. ஒரு கேபிளும் நகரவில்லை, ஆனால் நேற்றுவரை பிராட்பேண்ட் இருந்த எத்தனையோ வீடுகளுக்கு இன்று பிராட்பேண்ட் இல்லை. பணம் இருந்தால் போதும் என்பதும் இல்லை. 2021 நவம்பரில் 4,245 கோடி டாலர் ஒதுக்கிய திட்டம், வரைபடம், முறையீடு, மாநிலத் திட்டம், ஒப்புதல் என்று படியேறி 2024 முடியும்வரை ஒரு வீட்டைக்கூட இணைக்கவில்லை.

உங்கள் முகவரியை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். சேவை உண்டு என்று பொய் சொன்னால், அந்த நிறுவனத்திடம் இணைப்புக் கேட்டு விண்ணப்பியுங்கள். முடியாது என்ற பதிலைத் தேதியோடு படம் எடுத்து முறையீட்டில் சேருங்கள். வேகப் பரிசோதனைப் படத்தைவிட இது பலமடங்கு வலுவான ஆதாரம். வேகம் குறைந்தால் உங்கள் ரூட்டர் சரியில்லை என்று தப்பித்துக்கொள்வார்கள். இணைப்பே தர மறுத்த கடிதத்துக்கு அப்படிச் சாக்கு கிடையாது.

உரிமம் வேண்டாத பக்கம்

வைஃபை இன்று இருப்பதற்கு, எஃப்சிசி 1985இல் சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்த விட்டதுதான் அடித்தளம். அதே எஃப்சிசி 2020இல் 6 கிகாஹெர்ட்ஸில் 1,200 மெகாஹெர்ட்ஸைத் திறந்தது; ஐரோப்பா 2021இல் 480 மட்டும் திறந்தது; சீனா 2023இல் மேல்பாதியை மொபைலுக்கு என்று ஒதுக்கியது. வெளிநாட்டில் வாங்கிய ரூட்டர் ஊர் மாறினால் சில சேனல்களைக் காட்டாததற்கு இதுதான் காரணம். 5 கிகாஹெர்ட்ஸில் ரூட்டர் தொடங்க ஒரு நிமிடம் எடுத்தால், பக்கத்தில் ரேடார் இருக்கிறதா என்று அது காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஐரோப்பாவில் வானிலை ரேடார் இருக்கும் 5,600 முதல் 5,650 மெகாஹெர்ட்ஸில் 10 நிமிடம் கேட்க வேண்டும். ரூட்டர் பழுது இல்லை.

கருத்துச் சொல்லும் கட்டம்

இந்த விதிகள் எல்லாமே அமலுக்கு வருவதற்கு முன் பெரும்பாலும் கலந்தாய்வு அறிக்கையாக வெளிவரும். இந்தியாவின் டிராய், அமெரிக்காவின் எஃப்சிசி, பிரிட்டனின் ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை ஆணையங்கள் மூன்றும் இப்படிக் கருத்துக் கேட்கின்றன. பொதுமக்கள் அனுப்பும் கருத்துகளில் பெரும்பாலானவை "எங்கள் ஊருக்கு நெட்வொர்க் வேண்டும்" என்ற ரகம். படிப்பவர் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அறிக்கையில் உள்ள கேள்வியின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். எந்த வரியை எப்படி மாற்ற வேண்டும் என்று மாற்று வாசகத்தையே எழுதிக் கொடுங்கள்: "விண்ணப்பத்தில் குறை இருந்தால் 10 நாளுக்குள் ஒரே கடிதத்தில் எல்லாக் குறையையும் தெரிவிக்க வேண்டும், அதன்பின் புதிய குறை சொல்லக் கூடாது" என்பது போல. உங்களிடம் இருக்கும் தேதிகள், கடிதங்கள், வரைபடப் படங்களை இணைப்பாகச் சேருங்கள்.

டிராய், எஃப்சிசி இரண்டிலும் முதல் கெடு முடிந்தபின் எதிர்க்கருத்துக்கு இன்னொரு கெடு உண்டு. தனி ஆளாக எழுதுபவர்கள் இதைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. அந்த நேரத்தில் நிறுவனங்கள் அனுப்பியவை பொதுவில் இருக்கும். ஒரே நிறுவனம் குழாய் பகிர்வு பற்றிய கலந்தாய்வில் இடமே இல்லை என்றும், மானியம் பற்றிய கலந்தாய்வில் எங்கள் குழாய்கள் தயார் என்றும் எழுதியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கத்தின் எண்ணையும் தேதியையும் போட்டு, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி அனுப்புங்கள்.